லிண்டா வந்த வழி

என் மாமி எழுதித் தரும் கடைச்சீட்டில் உருளைக்கிழங்கு என்ற சொல்லை நான் ஒருநாளும் கண்டதில்லை. பால், வெண்ணெய், வெங்காயம் என்று பொதுப்பெயர்களாக இறங்கிவரும் எழுத்து, கிழங்கின் இடத்துக்கு வந்ததும் ஆள் பெயராகிவிடும். ‘லிண்டா, இரண்டரைக் கிலோ.’ நத்தாருக்கு முந்திய கிழமை என்றால் ‘லிண்டா, ஐந்து கிலோ.’ சூப் வைக்கும் நாளென்றால் ‘அட்ரெட்டா, இல்லாவிட்டால் நீலம்.’

ஜேர்மனியில் கிழங்கு வகைகளுக்குப் பெண்களின் பெயர் வைப்பது பழைய வழக்கம். சீக்லிண்டே, நிக்கோலா, அனபெல், லௌரா என்று சந்தைப் பலகை ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து இடாப்பைப் போலிருக்கும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இந்த நாட்டில் படித்து, லூனெபுர்க் நகருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்து வீட்டுக்கு மருமகளாக வந்தவள். சுன்னாகம் சந்தையில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற வயதில், கிழங்கு வாங்க மூன்று விஷயம் தெரிந்தால் போதும் என்று அறிந்திருந்தேன். முளை விட்டிருக்கக் கூடாது. பச்சை பிடித்திருக்கக் கூடாது. விரலால் அமத்தினால் அமங்கக் கூடாது. அதற்குமேல் கிழங்கிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை. பாலில் போடுவதா, பிரட்டுவதா, மசித்துக் கட்லட் பிடிப்பதா என்பதெல்லாம் வீட்டுக்கு வந்தபின் எடுக்கும் முடிவு. மாமி வீட்டில் வரிசை தலைகீழ். இன்றைக்கு என்ன சமையல் என்று தீர்மானிக்காமல் கிழங்குப் பக்கம் போகவே முடியாது.

கடைப் பையின் ஓரத்தில் மூன்று நிறங்களில் ஒன்று இருக்கும். பச்சை என்றால் ‘ஃபெஸ்ட்கொக்கெண்ட்’, இறுகி அவிவது. எவ்வளவு அவித்தாலும் வெட்டிய விளிம்பு கலையாது. நீலம் என்றால் ‘மேலிஹ்கொக்கெண்ட்’, மாவாய் அவிவது. தோல் வெடித்து, உள்ளே வெள்ளையாய்ப் பொரிந்து நிற்கும். சிவப்பு இரண்டுக்கும் நடு. சலாட்டுக்கும், சட்டியில் பொரிப்பதற்கும் பச்சை. மசியலுக்கும் சூப்புக்கும் உருண்டைக்கும் நீலம். எதற்கென்று தெரியாமல் வாங்குகிறவர்களுக்குச் சிவப்பு. இந்தக் கடைசி வரி மாமியுடையது.

வந்த புதிதில் நான் கையில் அகப்பட்ட நீலப் பையை எடுத்துவந்து சலாட்டுக்கு அவித்தேன். துண்டு போடும்போதே அது கரைந்துவிட்டது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. அதை அப்படியே பானைக்கு மாற்றி, லீக்ஸ் அரிந்து போட்டு, சூப்பாக்கினார். பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டின் கீழறைக்கு இறங்கினார். இருட்டும் குளிருமான அந்த நிலவறையில், சட்டங்களுக்கிடையே காற்றோட விட்ட மரப்பெட்டிகள் இரண்டு இருந்தன. இலையுதிர் காலத்தில் கமக்காரரிடம் நேரே வாங்கி, பனிக்காலம் முழுவதற்கும் கிழங்கை இறக்கிவைப்பது அந்தத் தலைமுறையின் பழக்கம். ஒரு பெட்டியிலிருந்து ஒன்றும் மற்றதிலிருந்து ஒன்றுமாக எடுத்து என் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ‘பார்வையால் தெரியாது’ என்றார் மாமி. ‘அதனால்தான் பெயர்.’

அவர் சொன்னது சரி. கண்ணுக்கு அகப்படாத வித்தியாசம் அது. மாவாய் அவியும் கிழங்கில் மாச்சத்து கூட, நீர் குறைவு. அவிக்கும்போது கலங்களுக்குள்ளிருக்கும் மாமணிகள் நீரைக் குடித்து ஊதும். கலத்தையும் கலத்தையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை சூட்டில் இளகும். பசை விட்டதும் கலங்கள் தனித்தனியே பிரிந்து, நாக்கில் உலர்ந்த மாவைப் போல உதிரும். இறுகி அவியும் கிழங்கில் மாச்சத்துக் குறைவு, கலங்கள் கைகோத்தபடியே நிற்கும். அடையாளம் அழிந்த கிழங்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு தண்ணீரில் கரைத்து அதில் கிழங்கைப் போட்டால், அடர்த்தி கூடிய மாக்கிழங்கு தாழும், மற்றது மிதக்கும்.

பெக்டினைப் பற்றிப் படித்தபோது எனக்கு அம்மம்மாவின் குரல் கேட்டது. ‘கிழங்கு அவியமுந்திப் புளி விடாதை.’ புளிப்பு அந்தப் பசையை இளகவிடாது. முதலிலேயே புளி விட்ட கறியில் கிழங்கு எத்தனை நேரம் கொதித்தாலும் நடுவில் கட்டியாகவே கிடக்கும். நம் வீட்டுப் பெண்கள் கைப்பழக்கமாக வைத்திருந்த அறிவு இது. கிடைத்த கிழங்கை, தீயாலும் புளியாலும் மூடியாலும் வேண்டிய பதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே காரியத்தை மாமி பை வாங்கும்போதே முடித்துவிடுகிறார்.

ஆனால் நமக்கு இந்த வித்தியாசமே தெரியாது என்று சொன்னால் அது பொய். தமிழில் அதற்கு நல்ல சொல்லே இருக்கிறது: மாப்பிடி. மரவள்ளிக்கிழங்கு வாங்கும்போது ‘மாப்பிடியாக அவியுமோ’ என்று கேட்காத யாழ்ப்பாணத்து மனுசி இல்லை. அவிந்து வெடித்து மாவாகிற மரவள்ளிக்கு ஒரு மரியாதை, நீர்த்துப்போய்க் கண்ணாடியாய் நிற்பதற்கு வசவு. இராசவள்ளியைக் கூழாய்க் கிண்டத் தோதானதா என்று பார்த்துத்தான் எடுப்போம். பனங்கிழங்கில் பச்சையாய்க் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். கூழுக்கு ஒன்று, கடித்துத் தின்ன மற்றது. யாரும் மாற்றிப் போடமாட்டார்கள். எழுபதுகளில் அரிசியும் பாணும் அருமையாயிருந்த நாட்களில் வயிற்றை நிரப்பியது மரவள்ளி. அதற்கு முந்திய பஞ்சங்களில் பனை. எந்தக் கிழங்கு ஒரு சனத்தைச் சாகாமல் காத்ததோ அந்தக் கிழங்கின் குணமெல்லாம் அந்தச் சனத்துக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். உருளைக்கிழங்கு நமக்கு விருந்தாளியாக வந்த பொருள், விசேஷத்துக்குப் பிரட்டல் வைக்கும் பொருள். விருந்தாளியிடம் யாரும் குணம் விசாரிப்பதில்லை. ஜேர்மனியில் அது உயிர் காத்த பொருள். ஆனால் அப்படி ஆவதற்கு முன்னால் அதுவும் இருநூறு வருடம் வாசலில் நின்றிருக்கிறது.

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில், டிட்டிகாக்கா ஏரியைச் சூழ்ந்த மேட்டுநிலங்களில், ஏறக்குறைய எட்டாயிரம் வருடங்களுக்கு முன் மனிதர் கையில் பழகிய செடி இது. அங்கே இன்றும் ஆயிரக்கணக்கான நாட்டு வகைகள் உண்டு. இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரகற்றி, வெயிலில் காயவைத்துப் பல வருடம் வைத்திருக்கும் ‘சூன்யோ’வுக்கென்று கசப்பு வகைகள். அவித்துத் தின்ன வேறு. மேடும் பள்ளமுமாய் முடிச்சு முடிச்சாய் விளையும் ஒரு வகைக்கு அவர்களின் கெச்சுவா மொழியில் ‘மருமகளை அழவைப்பது’ என்று பொருள்படும் பெயர். வீட்டுக்கு வரப்போகும் பெண்ணின் கையில் அதைக் கொடுத்துத் தோல் சீவச் சொல்வார்களாம். இதை மாமிக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்து, ‘உனக்கு நான் கொடுத்தது வழுவழுப்பான லிண்டாதானே’ என்றார்.

ஸ்பானியர் கப்பலில் அது ஐரோப்பாவுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1573இல் செவில் நகரத்து மருத்துவமனை ஒன்றின் கணக்கில் கிழங்கு வாங்கிய செலவு பதிவாகியிருக்கிறது. 1588இல் வியன்னாவில் இருந்த தாவரவியலாளர் கரோலுஸ் க்ளூசியஸுக்கு, பெல்ஜியத்து மோன்ஸ் நகர ஆளுநர் இரண்டு கிழங்கும் ஒரு காயும் அனுப்பிவைத்தார். அந்தச் செடியின் நீர்வண்ண ஓவியம் ஒன்று இன்றும் ஆண்ட்வெர்ப்பில் இருக்கிறது. கிழங்கு தட்டுக்குப் போகவில்லை, பிரபுக்களின் பூந்தோட்டத்துக்குப் போனது. அதன் பூவைத்தான் பார்த்தார்கள். இத்தாலியர் அதை மண்ணுக்கடியில் விளையும் ட்ரஃபிள் காளானோடு ஒப்பிட்டு ‘தார்த்துஃபோலி’ என்றார்கள். அது டொச் என்னும் ஜேர்மன் மொழி நாக்கில் புரண்டு ‘கார்ட்டோஃபல்’ ஆனது. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் ‘எர்டாப்ஃபல்’, மண்ணாப்பிள். பலாட்டினேட்டில் ‘க்ரும்பேர’, நிலப்பேரிக்காய் என்பதன் திரிபு. என்னவென்று தெரியாத பொருளுக்குத் தெரிந்த பழத்தின் பெயரைக் கொடுத்துப் பழகப் பார்த்திருக்கிறார்கள்.

வயலுக்குப் போக ஏன் அவ்வளவு காலம் எடுத்தது? கத்தரி, தக்காளி குடும்பத்துச் செடி என்று இன்று சொல்வோம். அன்று அவர்கள் அதில் நச்சுச்செடிகளின் சாயலைக் கண்டார்கள். காயைத் தின்று வயிறு நொந்தவர்களும் இருந்திருப்பார்கள். இன்னொரு காரணம் வெளிச்சம். ஆண்டிஸ் நிலநடுக்கோட்டுக்கு அருகே. அங்கே வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பகலுக்குப் பழகிய செடி, வட ஐரோப்பாவின் நீண்ட கோடைப் பகலில் இலையாகவே வளர்ந்துகொண்டிருந்தது. நாள் குறுகும் இலையுதிர் காலத்தில்தான் கிழங்கு வைக்கத் தொடங்கும், அதற்குள் உறைபனி வந்துவிடும். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தும், பின்னாளில் தென் சிலியிலிருந்து வந்த, நீண்ட பகலுக்குப் பழகிய இரத்தம் கலந்தும்தான் அது இந்த நாட்டுச் செடியானது.

ஜேர்மன் மண்ணில் வயல் அளவில் கிழங்கு நட்டவராகச் சொல்லப்படுபவர் மேல் ஃப்ராங்கோனியாவின் பில்கிராம்ஸ்ரொய்ட் கிராமத்து விவசாயி ஹான்ஸ் ரோக்லர். வருடம் 1647. முப்பதாண்டுப் போர் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. மண்ணுக்கு மேலே நிற்கும் தானியத்தைப் படை கொள்ளையடிக்கும், தீவைக்கும். கிழங்கோ கண்ணில் படாமல் கிடக்கும். போருக்குள் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு வருகிறார் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரீட்ரிஹ். 1756 மார்ச் 24ஆம் திகதி, சிலேசியாவின் அதிகாரிகளுக்கு, குடிகளுக்குக் கிழங்கின் பயனை விளக்கி நடச்செய்ய வேண்டும் என்று ஆணையிட்டார். கிழங்கு வயலைச் சுற்றி அவர் காவல் நிறுத்தினார், காவலிருக்கும் பொருள் விலையுயர்ந்ததாக இருக்கும் என்று நினைத்து விவசாயிகள் இரவில் களவெடுத்து நட்டார்கள் என்று ஒரு கதை பள்ளிக்கூடப் பிள்ளைகள்வரை தெரியும். இதே கதையைப் பிரான்சில், அங்கே கிழங்கைப் பரப்பிய பார்மன்தியே பேரிலும் சொல்கிறார்கள். ஆணைகளைவிடப் பசியே வேலை செய்தது என்றுதான் நான் நம்புகிறேன். 1770 முதல் 1772 வரை தானியம் பொய்த்து வந்த பெரும்பஞ்சம் அரசரின் கடிதங்களைவிட அதிகம் பேரைக் கிழங்கு தின்ன வைத்தது. ஆனாலும் நன்றி அரசருக்கே போகிறது. பொட்ஸ்டாமின் சான்சூசி மாளிகைத் தோட்டத்தில் அவருடைய கல்லறைக் கல்லின்மேல் பூக்களோடு கிழங்குகளும் கிடக்கும். யார் யாரோ வந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் கல்லைப் பார்த்த நாளில், குலதெய்வத்தின் பலிபீடத்தில் முதல் விளைச்சலை வைக்கும் நம் பழக்கம் எனக்கு நினைவு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்போது ஒரு ஜேர்மானியர் வருடத்துக்குச் சராசரி 280 கிலோ அளவுக்குக் கிழங்கு தின்றார். இன்று அது 60 கிலோ அளவில் நிற்கிறது. அதிலும் பெரும்பங்கு பொரித்ததும் உறையவைத்ததும் பொதியிலிட்டதும். 280 கிலோ என்றால் நாளுக்கு முக்கால் கிலோ. அப்படித் தின்றவர்களுக்கு அது மாவாய் அவிவதாக இருக்க வேண்டும். வயிற்றை நிரப்ப, குழம்பைக் குடிக்க, கொழுப்பு ஒன்றுமில்லாதபோதும் தொண்டைக்குள் இறங்க. இன்றும் மாமி மேசையில் கிழங்கைக் கத்தியால் வெட்டமாட்டார். முள்ளுக்கரண்டியின் விளிம்பால் உடைத்து, இறைச்சிக் குழம்பில் அமத்தி எடுப்பார். அந்தக் காலத்து இரும்புக் கத்தி கிழங்கில் பட்டால் கறுத்துவிடும் என்பதால் வந்த ஒழுங்கு என்கிறார்கள். துருப்பிடிக்காத கத்தி வந்து எத்தனையோ காலமாயிற்று. ஒழுங்கு மட்டும் நிற்கிறது.

ஒரே கிழங்கில் உயிர் வைத்த நாடு, கிழங்கு பொய்த்தால் சாகும். 1840களில் இலைவாட்டு நோய் அயர்லாந்தை அழித்தது உலகறிந்த கதை. அதே நோய் ஜேர்மன் வயல்களிலும் விழுந்தது. 1847 ஏப்ரலில் பெர்லின் சந்தைகளில் கிழங்கு விலைக்காகப் பெண்கள் திரண்ட கலவரத்தை அடக்கப் படை இறங்கியது. 1916இல் மீண்டும் அதே நோய். அதற்கு மருந்தான செம்புக் கலவைக்குரிய செம்பைப் போர் எடுத்துக்கொண்டிருந்தது. விளைச்சல் பாதியாய் விழ, மக்கள் மாட்டுக்குப் போடும் மஞ்சள் டேனிப்புக் கிழங்கைத் தின்று அந்தப் பனிக்காலத்தைக் கடந்தார்கள். ‘டேனிப்புப் பனிக்காலம்’ என்றே அதற்குப் பெயர்.

மாமி பிறந்தது இரண்டாம் போரின் நடுவில். அவருக்கு நினைவு தெளிகிற வயதில் போர் முடிந்துவிட்டது, பசி முடியவில்லை. ஹம்பர்க்கிலிருந்து ரயிலேறிக் கிராமங்களுக்கு வந்த பெண்கள், கம்பளத்தையும் வெள்ளிக் கரண்டியையும் நீட்டிக் கிழங்கு கேட்டதை அவர் தன் தாயின் பாவாடைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். அறுவடை முடிந்த வயலில் விடுபட்டதைக் கிளறிப் பொறுக்க வரிசையில் காத்திருந்தவர்களையும். அதற்கு ‘ஸ்டொப்பல்ன்’ என்று ஒரு வினைச்சொல்லே உண்டு. நெல் வெட்டிய வயலில் கதிர் பொறுக்குவதை நாங்கள் அறிவோமே, அதேதான். கொஞ்சம் வளர்ந்ததும் பள்ளிக்கூடத்தில் ‘கிழங்கு விடுமுறை’. அறுவடைக்குப் பிள்ளைகள் கை கொடுப்பதற்காக இலையுதிர் காலத்தில் விட்ட லீவு. மாலையில் காய்ந்த கொடியைக் குவித்துக் கொளுத்தி, சாம்பலில் கிழங்கைப் புதைத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு தின்றதைச் சொல்லும்போது மட்டும் மாமியின் குரல் வேறு யாருடையதோ போலிருக்கும்.

லூனெபுர்க் பக்கத்து நிலம் மணல். பெரிய மரம் நிற்காத, ஊதாப்பூக் குறுஞ்செடிகள் படர்ந்த வெளி. கோதுமைக்கு ஏழை நிலம், கிழங்குக்குச் சீதனம். நீர் தேங்காது, கிழங்கு சுத்தமாய்க் கழன்று வரும். நாட்டின் கிழங்கு விளைச்சலில் பாதிக்கு நெருங்கிய பங்கு இந்த நீடர்சாக்சன் மாநிலத்துடையது. இங்கேதான், லூனெபுர்க்கிலிருந்த கிழங்கு வளர்ப்பு நிறுவனம் ஒன்றிலிருந்து, 1974இல் லிண்டா வெளிவந்தாள். ஆழ்ந்த மஞ்சள் சதை, வெண்ணெய்ச் சுவை, இறுகி அவியும் குணம். அடுத்த வருடம் 1975இல் எல்லைக் கம்பிக்கு அப்பால், கிழக்கு ஜேர்மனியின் க்ரோஸ் லூஸெவிட்ஸில் அட்ரெட்டா வெளியானது. அதுவும் மஞ்சள்தான், ஆனால் மாவாய் அவிவது. ஒரே மக்கள், ஒரே மொழி, ஒரு வருட இடைவெளி. மேற்கில் வயிறு நிறைந்துவிட்டது. தட்டில் கிழங்கு சிறு பங்காகிவிட்டது, அழகாய் நிற்கும் துண்டு வேண்டியிருந்தது. கிழக்கில் கிழங்கு இன்னும் சோறாகவே இருந்தது. இந்த இரண்டு கிழங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவித்தால் நாற்பது வருடப் பிரிவினை நாக்கில் தெரியும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அது எங்கள் வீட்டு மேசையிலும் தெரியும். என் கணவரின் தமையனின் மனைவி துரிங்கியாக்காரி, கிழக்கு. ஞாயிற்றுக்கிழமை உருண்டை பிடிக்க அவருக்கு நீலப் பைதான் வேண்டும். ஒரு பங்கைப் பச்சையாகத் துருவி, துணியில் கட்டி, கையில் நரம்பு புடைக்கப் பிழிந்து, மிச்சத்தை அவித்துக் கொதிக்கக் கொதிக்கக் கரைத்து அதன்மேல் ஊற்றிக் கிளறி, நடுவில் வெண்ணெயில் பொரித்த பாண் துண்டை வைத்து உருட்டுவார். பச்சைப் பையில் இதைச் செய்தால் உருண்டை உருளாது. கணவரின் மாமா ஒருவர் தெற்கே ஸ்வாபியாவில் பெண்ணெடுத்தவர். அந்த அன்ரி நத்தாருக்கு வந்தால் சலாட் யார் செய்வது என்ற கேள்வி எழும். நத்தார் இரவில் கிழங்குச் சலாட்டும் அவித்த சொசேஜும் என்பது நாடு முழுக்கப் பரவிய எளிய வழக்கம். வடக்கில் ஆறவைத்த கிழங்கு, மயோனைஸ், ஊறுகாய் வெள்ளரி, முட்டை. ஸ்வாபியாவில் கிழங்கு சூடாயிருக்கும்போதே மெல்லிதாய் அரிந்து, கொதிக்கும் இறைச்சிச் சாறும் வினிகரும் எண்ணெயும் ஊற்றி, கரண்டி போட்டால் நசநசவென்று ஈரச் சத்தம் கேட்க வேண்டும். இரண்டு சலாட்டும் செய்து இரண்டு கோப்பையில் வைப்பதுதான் எங்கள் வீட்டு முடிவு. ஆனால் இரண்டுக்கும் லிண்டா. அதில் மட்டும் எவரும் வாதாடியதில்லை.

அந்த லிண்டா இல்லாமல் போக இருந்தாள். ஜேர்மனியில் ஒரு கிழங்கு வகையை உருவாக்கியவருக்கு 30 வருடம் உரிமை. அதுவரை விதைக்கிழங்குக்கு உரிமைப்பணம் கட்ட வேண்டும், பிறகு யாரும் பெருக்கலாம். லிண்டாவின் முப்பது 2004இல் முடிந்தது. அது முடியும் தறுவாயில் உரிமை வைத்திருந்த நிறுவனம் வகைப் பட்டியலிலிருந்தே அவளை விலக்கிக்கொண்டது. பட்டியலில் இல்லாத வகைக்கு விதைக்கிழங்கு விற்க முடியாது. விதைக்கிழங்கு இல்லையென்றால் ஒரு வகை வயலை விட்டுப் போய்விடும். புது வகைகளை வாங்கவைக்கும் வியாபாரம் இது என்று விவசாயிகள் கொதித்தார்கள். எனக்கும் அதில் வேறு அபிப்பிராயமில்லை. லூனெபுர்க் பக்கத்துப் பாரும் கிராமத்தின் இயற்கை விவசாயி கார்ஸ்டன் எல்லன்பெர்க் முன்னால் நின்றார். கையெழுத்து, வழக்கு, புதிய விண்ணப்பம். 2009இல் பிரித்தானியாவில் அனுமதி கிடைத்தது. 2010இல் ஹனோவரிலுள்ள ஜேர்மன் தாவர வகை அலுவலகமும் அவளை மறுபடி பட்டியலில் ஏற்றியது. அந்த ஆறு வருடமும் மாமி லிண்டா விற்கிற கமக்காரர்களைத் தேடித் தேடிப் போய் வாங்கினாராம். ஊர்வலத்துக்குப் போனீர்களா என்று கேட்டேன். ‘நான் வாங்கினேன்’ என்றார்.

இவ்வளவு அருமையான லிண்டாவை நான் முதலில் தேங்காய்ப்பாலில் போட்டபோது கறி சரிவரவில்லை. நம் வெள்ளைக்கறியில் கிழங்கின் விளிம்பு கொஞ்சம் கரைய வேண்டும். அந்தக் கரைசல்தான் பாலைத் தடிப்பாக்கி, சோற்றில் பிசையும்போது ஒட்டவைக்கும். லிண்டா கரையமாட்டேன் என்றாள். பால் ஒருபக்கம், கிழங்கு ஒருபக்கம், கூழாங்கல் கிடக்கும் ஓடைபோல. அடுத்த முறை நீலம் போட்டேன். எல்லாம் கூழ். மூன்றாம் முறை சிவப்பு, சரியாக வந்தது. கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் நீலம் என்பது பழகியது. தூள் போட்டு, பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்து இறக்கும் பிரட்டலுக்குப் பச்சை. துண்டு உடையாமல், தூள் மேலே படிந்து, எண்ணெய் மினுக்கத்தோடு வரும். இப்போது என் கடைச்சீட்டிலும் நிறம் எழுதப்படுகிறது. அம்மா டோர்ட்முண்டிலிருந்து தொலைபேசியில் இதைக் கேட்டு, ‘கிழங்கு கிழங்குதானே பிள்ளை’ என்கிறார். அவர் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல். அவர் கையில் எந்தக் கிழங்கும் சரியாகத்தான் அவிகிறது.

மாமிக்கு அரிசி அப்படி. துளைபோட்ட பிளாஸ்டிக் பையோடு கொதிநீரில் போட்டு எடுக்கும் அரிசியே அவர் அறிந்த அரிசி. நான் புட்டுக்குப் பச்சையரிசி மாவும், சோற்றுக்குப் புழுங்கலும், கஞ்சிக்கு மொட்டைக்கறுப்பனும் தனித்தனிப் போத்தல்களில் அடுக்கியபோது வந்து பார்த்தார். ஒவ்வொன்றையும் திறந்து மணந்தார். ‘இது எதற்குப் போகும்?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். பிறகு எழுதுகோல் எடுத்து, சிறு துண்டுத் தாளில் டொச் எழுத்தில் பெயரெழுதிப் போத்தல்களில் ஒட்டினார்.

கடைசியாக ஊருக்குப் போனபோது சுன்னாகம் சந்தையில் கிழங்குக்காரரிடம் எந்த ஊர்க் கிழங்கு என்று கேட்டேன். வெலிமடைக் கிழங்கு என்றார். செம்மண் ஒட்டிய சாக்கு, நிறச்சீட்டு எதுவுமில்லை. என்ன இனம் என்று கேட்டேன். மலைநாட்டில் கூடுதலாகப் போடுவது கிரனோலா என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வெலிமடையிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் வருடக்கணக்காக வேர்விட்ட அந்த இனம் ஜேர்மனியில் உருவாக்கப்பட்டது. மஞ்சள் சதை, சிவப்புச் சீட்டு வகை. நூற்புழுவையும் வைரஸ் நோயையும் தாங்கும் என்பதால் இந்தோனேசிய மலைகள்வரை போன கிழங்கு. வெள்ளைக்கறிக்குச் சிவப்பு என்று நான் மூன்று முறை சமைத்துக் கண்டுபிடித்ததற்கு அந்தச் சாக்கில் விடை கிடந்தது.

திரும்பி வந்து மாமியிடம் சொன்னேன். கிரனோலாவை அவருக்குத் தெரியும். அவருடைய தம்பி கொஞ்சக் காலம் பயிரிட்டிருக்கிறார், நெடுநாள் கெடாமல் கீழறையில் கிடக்கும் என்றார். அது அவ்வளவு தூரம் போனதைப் பற்றி அவர் வியக்கவில்லை. கையிலிருந்த கிழங்கின் தோலை மெல்லிதாக, அறாத நாடாவாகச் சீவிக்கொண்டே கேட்டார்:

‘அங்கே அது எதற்குப் போகிறது?’

‘எல்லாவற்றுக்கும்’ என்றேன்.

மாமி சீவுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு மரப்பெட்டிப் பக்கம் கையைக் காட்டி, அதில் ஒன்றை எடுத்து எனக்குத் தெரிந்த மாதிரிச் சமைக்கச் சொன்னார். பால்கறி வைத்தேன். அவர் முள்ளுக்கரண்டியின் விளிம்பால் கிழங்கை உடைத்து, தேங்காய்ப்பாலில் அமத்தி எடுத்தார்.